கைமாற்று

அவரவர் இரத்தத்தில் நூறு வெள்ளணுக்களை எண்ணி வகைப்படுத்த வேண்டும் என்பது அன்றைய செய்முறைப் பாடம். யூஜினியா எண்ணி முடித்தபோது, நூற்றில் எழுபதை லிம்போசைட் என்று எழுதியிருந்தாள். அவை உருண்டையாக இருந்தன; உட்கரு அணு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது; அந்த வருணனைக்குப் பொருந்துவதாக அவளுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். இவ்வளவு பெரிதாகவா இருக்கும் என்று ஓர் ஐயம் எழுந்தது உண்மை. சாப்பாட்டு மணி அடிக்கும் நேரமாகிவிட்டதால், அந்த ஐயத்தை அவள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

காரைக்குடிக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் அவள் மருத்துவ ஆய்வக நுட்பவியலில் இளம் அறிவியல் பட்டம் படித்துவந்தாள், இரண்டாம் ஆண்டு. நோயியல் பாடத்தை நடத்தியவர் டாக்டர் உமையாள். வெளியூர் மருத்துவமனைகளில் நோயியல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, சொந்த ஊரில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கற்பிக்க வந்தவர். மாணவிகள் அவரை முன்னால் மேடம் என்றும் பின்னால் ஆச்சி என்றும் குறிப்பிட்டார்கள். அவர் குரலை உயர்த்தியதில்லை. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பதை மட்டும் வகுப்புத் தவறாமல் சொல்லுவார்.

"எழுபதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் யூஜினியாவின் முக்காலியில் அமர்ந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

வழக்கமாக அந்தப் பார்வை நெடுநேரம் நீடிக்காது. ஸ்டெயின் சாயம் ஏறவில்லை, கழுவியது போதாது, நாவற்பழச் சாற்றையா ஊற்றினாய் என்று ஏதாவது ஒன்று வரும், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதற்குச் சிலர் ஆயத்தமாகவே இருந்தார்கள். அன்று ஒன்றும் வரவில்லை. அவருடைய விரல்கள் ஸ்லைடை மயிரிழை மயிரிழையாக நகர்த்தின, நின்றன, மறுபடி நகர்த்தின. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் யூஜினியா. பல் விளக்கும்போது இரத்தம் வருமா? வராது. இடித்துக்கொண்டதுபோல உடம்பில் எங்கேயாவது நீலம் பாரித்திருக்கிறதா? இல்லை.

"ஸ்டெயின் சரியில்லையா மேடம்?"

"ஸ்டெயின் நல்லாத்தான் இருக்கு" என்றார் உமையாள்.

அந்த ஆண்டில் அவர் யாரையும் பாராட்டியது அதுவே முதல் முறை.

உமையாள் ஸ்லைடை எடுத்து, எண்ணெயை ஒற்றித் துடைத்து, மெல்லிய தாளில் சுற்றித் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எந்த மாணவியின் ஸ்லைடும் அதுவரை அந்தப் பைக்குள் போனதில்லை. அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு வரவேண்டும், இன்னொரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு ஸ்லைடை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டுவதற்கில்லை என்றார். எழுந்து இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில வரணும். நாளன்னைக்குன்னு தள்ளக்கூடாது."

பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததை யூஜினியா கவனித்தாள்.

கோட்டையூர் செல்லும் நகரப் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைத்ததை அவள் உணரவில்லை. அந்த எழுபதுக்கும் உரிய பெயர் இப்போது, எழுதவேண்டிய நேரம் கடந்த பிறகு, நினைவுக்கு வந்துவிட்டது. பிளாஸ்ட். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து முதிர்ந்த பின் வெளியேற வேண்டிய அணுக்கள், முதிராமலே இரத்தத்துக்குள் வந்து நிரம்புவது. முந்தைய மாதம்தான் அந்தப் பாடம் நடந்திருந்தது. 'சிகிச்சை தராவிட்டால் சில வாரங்களிலேயே' என்று தொடங்கிய வாக்கியத்தை உமையாள் முடிக்காமல் அடுத்த தலைப்புக்குப் போனது நினைவிருந்தது. அதற்குரிய பயனிலையை யூஜினியா இப்போது தானே இட்டு நிரப்பினாள்.

ஈறுகளை நாவால் அழுத்திப் பார்த்தாள். உப்புக் கரித்தது போலிருந்தது. கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பார்த்தாள். கட்டிகள் இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. காலையில் படியேறும்போது மூச்சு வாங்கியதா? வாங்கியிருக்கலாம். போன வாரம் வந்த தலைவலியும், அதற்கு முந்திய வாரம் சாப்பாடு பிடிக்காமல் போனதும் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. செஞ்சைப் பக்கம் பேருந்து திரும்பியபோது, பங்குக் கோயிலில் தனக்கு யார் அடக்கப் பூசை வைப்பார் என்பதுவரை அவள் யோசித்திருந்தாள்.

கண்டக்டர் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டை நீட்டினார். வாங்குவதற்கு இடக்கையை விரித்தவள், விரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் ஐந்தும் வழுவழுவென்றிருந்தன. ஒரு புள்ளியும் இல்லை. வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் இல்லை.

அவளுடைய விரலில் அன்று யாரும் குத்தவே இல்லை. அச்சம் அத்தனை பெரிதாக இருந்ததில், அந்தச் சிறிய உண்மை அவளுக்கு மறந்து போயிருந்தது. ஸ்லைடில் இருந்தது அவள் எழுதிய பெயர்; அவளுடைய இரத்தம் அன்று.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்ன பாப்பா, சீட்டு வேணாமா?" என்றார் கண்டக்டர்.

வாங்கிக்கொண்டாள். மூச்சு நெஞ்சின் அடிவரை இறங்கிற்று. வெயில், எதிர்வந்த லாரி, முன்னிருக்கையில் அழுத குழந்தை, எல்லாமே அவளுக்கு வேண்டியவையாக இருந்தன. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்தச் சிரிப்பு முகத்திலேயே உறைந்து போயிற்று. இரத்தம் தன்னுடையது அன்று என்றால், அது யாருடையது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

யூஜினியாவுக்கு ஊசி ஆகாது. ஆய்வக நுட்பம் படிக்க வந்தவளுக்கு அது ஆகாதது வேடிக்கைதான். பிறர் விரலில் குத்துவதற்கு அவள் தயங்கியதில்லை. தன் விரலை நோக்கி லான்செட் வரும்போதுதான் கண் இருண்டுவிடும். வகுப்பை இரண்டாகப் பிரிப்பதற்கு முன், இரத்த வகை பார்க்கும் பாடத்தன்று அவள் முக்காலியிலிருந்து சரிந்தபோது, பக்கத்தில் நின்ற சிவரஞ்சனி அவளைத் தாங்கிப் பிடித்து, ஒருவரும் பார்க்காத கணத்தில் தன் விரலைக் குத்தி, யூஜினியாவின் ஸ்லைடில் சொட்டு வைத்துவிட்டாள்.

"கைமாத்துன்னு வச்சுக்க" என்று காதில் சொன்னாள். "வட்டியெல்லாம் கெடையாது. கேக்குறப்ப குடுத்துரணும்."

எழுத்தில் கைமாற்று, பேச்சில் கைமாத்து. சீட்டு எழுதாமல், சாட்சி வைக்காமல், ஒரு கை மறுகைக்குக் கொடுப்பது. அந்தச் சொல் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஹீமோகுளோபின் பார்த்த நாளிலும், இரத்தம் உறையும் நேரத்தைக் கணக்கிட்ட நாளிலும் கைமாற்று நடந்தது. ஆங்கில எழுத்து வரிசைப்படி யூஜினியா முதல் பிரிவு, சிவரஞ்சனி இரண்டாம் பிரிவு. முதல் பிரிவின் செய்முறை வகுப்பு ஒரு நாள் முன்னதாக வரும். அன்றைக்கு சிவரஞ்சனி ஆய்வகத்தின் பின்வாசலுக்கு வந்து விரலை நீட்டிவிட்டுப் போவாள். அவள் நாச்சியாபுரத்துப் பெண். தகப்பன் முத்துவீரன் விவசாயம் பார்ப்பவர். எதற்கும் அஞ்சாதவள் என்று வகுப்பில் பெயர்.

அன்று காலையும் வந்திருந்தாள். குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை. பஞ்சு நனைந்து, இன்னொரு பஞ்சும் நனைந்தது. இன்றைக்கு ஒழுகுகிறது, இன்னும் இரண்டு பேரை வரச்சொல், எல்லோருக்கும் போதும் என்று அவள் சொல்ல, யூஜினியா சிரித்தாள். முன்கையில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு நீலம் இருந்தது. பேருந்துக் கம்பியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவது சில நாளாக வழக்கமாகியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் அவள் துப்பியது இளஞ்சிவப்பாக இருந்ததும் ஒரு நாள் கண்ணில் பட்டது. எல்லாமே யூஜினியா பார்த்தவை. பார்த்ததை அவள் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அடுப்படியில் அம்மா சகாயராணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியரான அப்பா உபகாரசாமி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய வகுப்பில் பார்த்து எழுதிய பையனைப் பற்றி அன்று அவருக்குக் கோபம். தப்பாகப் போட்டிருந்தால்கூட மதிப்பெண் போட்டிருப்பேன், இன்னொருத்தன் விடையைத் தன் பெயரில் கொடுக்கிறான் பார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறர் இரத்தத்தைத் தன் பெயரில் வைத்த மாணவியருக்கு அந்தப் பருவத்தின் செய்முறை முழுவதும் ரத்தாகும் என்பது துறையின் விதி. சென்ற ஆண்டு இரண்டு பேருக்கு ஆகியிருந்தது. கொடுத்தவளுக்கும் அதே தண்டனைதான். முதலில் சிவரஞ்சனியிடம் பேசிவிடுவோம் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். அது நியாயமாகவும் இருந்தது. அச்சத்துக்கு வசதியாகவும் இருந்தது.

மேடம் அப்பாவை வரச் சொன்னார், இரத்தத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னாள்.

தோசைத் திருப்பி கல்லின்மேல் அப்படியே நின்றது. அப்பா பேனாவை மூடினார். என்ன கண்டார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசற்பக்கம் போனார். எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தபோது அவருடைய முகம் வேறாக இருந்தது. அம்மா இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயத்துக்கு நேர்ந்துகொண்டு, மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். அது என் இரத்தம் அன்று என்னும் ஒரு சிறு வாக்கியம் அந்த வீட்டின் நடுக்கத்தை நிறுத்தியிருக்கும். அது அவளுடைய நாக்கின் நுனியில் எழுவாயும் பயனிலையுமாக நின்றுகொண்டே இருந்தது. அவள் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

சிவரஞ்சனிக்குத் தொலைபேசியில் அழைத்து, காலையில் முதல் பேருந்திலேயே வந்துவிடு, பேசவேண்டும் என்றாள். மறுமுனையில் மாடு கத்தும் ஓசை கேட்டது.

"என் ஸ்லைடு எப்புடி இருந்துச்சு?" என்றாள் சிவரஞ்சனி.

உன் ஸ்லைடு எப்படி இருந்தது என்று கேட்பதற்குப் பதிலாக அவள் அப்படிக் கேட்டாள். காலையில் பேசலாம் என்று சொல்லி யூஜினியா இணைப்பைத் துண்டித்தாள்.

மறுநாள் அப்பா ஸ்கூட்டரில் அழைத்துவந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. ஆண்டு விழாவுக்கு அணிவது. வேகத்தடை வந்த இடங்களில், கண்ணாடிப் பாத்திரத்தை ஏற்றிவருபவரைப்போல வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார். ஆய்வகத்துக்கு முன்னால் வேப்பமரத்து நிழலில் அவரை நிறுத்திவிட்டு, மேடம் வந்துவிட்டாரா பார்க்கிறேன் என்று யூஜினியா பின்பக்கம் போனாள்.

ஸ்லைடுகளைக் கழுவும் தொட்டி அங்கேதான் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஸ்டெயின் வழிந்து அதன் சிமெண்ட் ஊதாவாகியிருந்தது. சிவரஞ்சனி தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சத்தில் அவளுடைய உதடு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை யூஜினியா முதன்முறையாகப் பார்த்தாள்.

"நூத்துக்கு எத்தனை?" என்றாள் சிவரஞ்சனி.

"எழுபது."

"எழுபதையும் நீ என்னன்னு எழுதுன?"

"லிம்போசைட்டுன்னு."

"நல்லாப் படிச்ச போ" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஆச்சி யாரைக் கூட்டியாரச் சொன்னாக?"

"எங்க அப்பாவை. முன்னாடி நிக்கிறாரு. சிவா, நம்ம ரெண்டு பேரும் போயி—"

"இரு. நான் சொல்றதைக் கேளு."

விடிய விடிய யோசித்து வைத்திருந்தாள் என்பது அவள் சொன்ன முறையிலேயே தெரிந்தது. உமையாள் இன்று யூஜினியாவின் கையில் நேரடியாக இரத்தம் எடுப்பார். அது நன்றாகத்தான் இருக்கும். அப்படியானால் நேற்றைய ஸ்லைடில் பிசகு என்பார். தட்டில் அத்தனை ஸ்லைடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன, யாருடையதோ மாறிவிட்டது என்று நினைப்பார். முதல் பிரிவில் எல்லோருக்கும் மறுபடி பார்ப்பார். அதில் ஒன்றும் இருக்காது. இரண்டாம் பிரிவின் ஸ்லைடுகள் இன்றைக்கு. அதில் சிவரஞ்சனியின் பெயரிட்ட ஸ்லைடும் நன்றாக இருந்துவிட்டால், நேற்றைய அந்த ஒன்று எவருக்கும் உரியதில்லை என்று ஆகிவிடும்.

"நன்றாக இருந்துவிட்டால்" என்பதன் பொருள் யூஜினியாவுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. சிவரஞ்சனியின் மடியில் புதிய ஸ்லைடு ஒன்று இருந்தது. அதன் ஓரத்துச் சொரசொரப்பில் அவள் தன் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தாள். பேனா மை ஸ்டெயினில் கரைந்துவிடும். பென்சில் எழுத்துக் கரையாது. பக்கத்தில் லான்செட்டும் ஸ்பிரிட் பஞ்சும் இருந்தன.

"நாலு தடவ குடுத்துருக்கேன். ஒண்ணுதான் கேக்குறேன்."

"இது வெளாட்டு இல்லடி."

"வெளாட்டுன்னு யாரு சொன்னா? எங்க சித்தப்பாவுக்கு இதுதான். மதுரைக்குக் கூட்டிப் போனாக. போறப்ப நடந்துதான் பஸ் ஏறுனாரு." அவள் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். "வீட்டுல தெரிஞ்சா அன்னைக்கோட என் படிப்பு முடிஞ்சுச்சு. பரீச்சை முடியட்டும். அப்பறம் நானே சொல்லிக்கிறேன்."

"அதுக்குள்ள..."

"அதுக்குள்ள என்ன? சொல்லு. படிச்சவதான நீயும்."

உமையாள் முடிக்காமல் விட்ட வாக்கியம் அவர்கள் இருவருக்கும் நடுவே, ஊதாத் தொட்டியின்மேல் நின்றது.

சிவரஞ்சனி லான்செட்டின் உறையைக் கிழித்தாள். "ஒனக்கு ஊசின்னா பயம்னு நான் என்னைக்காச்சும் சிரிச்சிருக்கேனா? குடுத்தேன்ல? இப்ப எனக்குப் பயமா இருக்கு, யூஜி. நீ குடு."

எதற்கும் அஞ்சாதவளின் குரல் அப்படி வரும் என்று யூஜினியா எதிர்பார்க்கவில்லை. மறுப்பதற்குச் சொற்கள் இருந்தன. அவை எல்லாம் நாலு தடவை வாங்கியவளின் சொற்களாக இருந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடக்கையை நீட்டினாள்.

எறும்பு கடித்ததுபோல இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றிற்று. படிக்க வந்த அன்றிலிருந்து அவளை ஆட்டிப்படைத்த அச்சம் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அது போன இடத்தில், அதைவிடப் பெரிய ஒன்று மறைப்பில்லாமல் நின்றது. சிவரஞ்சனி சொட்டை ஸ்லைடில் வாங்கி, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பில் பரப்பினாள். நாக்கு நுனிபோலக் குவிந்து மெலிந்த அழகான பூச்சு. காற்றில் ஆட்டிக் காயவைத்தாள். யூஜினியாவின் விரலில் இரத்தம் அதற்குள் நின்றுவிட்டிருந்தது. அதைச் சிவரஞ்சனி உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஸ்லைடைப் பைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டாம் பிரிவுக்கு வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு உமையாள் தம் அறைக்கு வந்தார். சிறிய அறை; ஒரு நுண்ணோக்கி, மூன்று நாற்காலிகள். அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உமையாள் சுற்றிவளைக்கவில்லை, அச்சுறுத்தவும் இல்லை. ஸ்லைடில் இருக்கக்கூடாத அணுக்கள் தெரிகின்றன, முதலில் அதை உறுதி செய்ய வேண்டும், உறுதியானால் இன்றைக்கே மதுரைக்குப் புறப்பட வேண்டும், சிகிச்சை உள்ள நோய்தான், ஆனால் காத்திருக்காத நோய் என்றார். சொல்லிக்கொண்டே சிரிஞ்சின் உறையைப் பிரித்தார்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தம் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, இஸ்திரி மடிப்புக் கலைய, முழங்கைக்குமேல் சுருட்டிவிட்டார்.

"எங்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிருங்க டாக்டர். ரத்தம், மஜ்ஜை எதுவா இருந்தாலும் சரி. பெத்தவங்களுக்குப் பொருந்தும்னு போட்டிருந்துச்சு." கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். "இப்பவே பாத்துருங்க."

அந்தக் கையில் சுண்ணக்கட்டித் தூள் படிந்த ரேகைகள் இருந்தன. யூஜினியா அதைப் பார்த்தாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடும் ஒருத்திக்காக, நாச்சியாபுரத்தில் இருக்கும் இன்னொரு கை இப்படி மேசைமேல் வந்திருக்க வேண்டும். அந்தக் கைக்கு இன்னும் செய்தியே போகவில்லை. தான் வாயைத் திறக்காவிட்டால் போகவும் போகாது.

"அப்பா, கையை எடுங்க" என்றாள். அப்பா எடுக்கவில்லை. அவள் உமையாளைப் பார்த்தாள். "மேடம், அது கைமாத்து."

வேறெந்த ஊரில் பிறந்த மருத்துவராக இருந்தாலும், என்ன என்று கேட்டிருப்பார். உமையாள் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் சொல்லுக்கு அவருக்கு உரை வேண்டியிருக்கவில்லை. சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

"யாருகிட்ட வாங்குன?"

இதுவரை சொன்னது தன் குற்றம். இனிச் சொல்லவேண்டியது இன்னொருத்தியின் உயிர். தவறு செய்தவளாகச் சொல்வதா, காட்டிக்கொடுப்பவளாகச் சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் சொல்லவேண்டிய பெயர் ஒன்றுதான்.

"சிவரஞ்சனி" என்றாள். பிறகு, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்னும் அச்சத்தில், மிச்சத்தையும் சொன்னாள். "இன்னைக்கு அவ பேர்ல உள்ள ஸ்லைடுல இருக்கறது என் ரத்தம்."

உமையாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்பா சட்டைக் கையை மெதுவாக இறக்கிப் பொத்தானைப் போட்டார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. முந்தைய மாலை பேருந்தில் அவள் முகத்தில் வந்த அதே சிரிப்பு. உதட்டோரத்தில் தோன்றி, தோன்றியதற்கு வெட்கி, உடனே அணைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரால் அவளைத் திட்ட முடியவில்லை.

உமையாள் திரும்பியபோது அவருடைய ஒரு கையில், ஸ்டெயின் இன்னும் ஈரமாக இருந்த ஸ்லைடு இருந்தது. மறு கை சிவரஞ்சனியின் தோள்மேல் இருந்தது. பிடித்து இழுத்து வந்ததுபோலவும் தாங்கிக்கொண்டு வந்ததுபோலவும் ஒருசேர இருந்தது.

சிவரஞ்சனி யூஜினியாவைப் பார்த்தாள்.

"கைமாத்துக்கு வட்டி கெடையாதுன்னுதானடி சொன்னேன்" என்றாள். குரலில் வெறுப்பில்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உமையாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முந்தைய நாள் யூஜினியாவிடம் கேட்ட அதே மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். காய்ச்சல்? சாயங்காலம் ஆனால் லேசாக. பல் விளக்கும்போது? எப்போதாவது. நீலம்? சிவரஞ்சனி பேருந்துக் கம்பி என்று தொடங்கினாள். முடிக்காமல், துப்பட்டாவை விலக்கி முன்கையைக் காட்டினாள். வெற்றிலை அளவுக்கு இருந்தது ஒன்று. அதற்குமேல், முந்தைய நாள் இல்லாதவை, இன்னும் இரண்டு.

மேசைமேல் இரண்டு ஸ்லைடுகளும் அருகருகே கிடந்தன. ஒன்று கைப்பையிலிருந்து எடுத்தது, யூஜினியாவின் பெயரிட்டது. மற்றது இன்றையது, சிவரஞ்சனியின் பெயரிட்டது. உமையாள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பரையும் ஒரு பென்சிலையும் எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். இருவருக்கும் இந்தப் பருவத்துச் செய்முறை ரத்தாகும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"முதல்ல பேரைச் சரி பண்ணுங்க. தப்பான பேரோட நான் எதையும் மதுரைக்கு அனுப்ப மாட்டேன்."

யூஜினியா இன்றைய ஸ்லைடை எடுத்து, சிவரஞ்சனியின் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினாள். எழுத்துக் கோணலாக வந்தது. பென்சிலை நீட்டினாள். சிவரஞ்சனி வாங்கவில்லை. வெளியே இரண்டாம் பிரிவினர் எதற்கோ சிரிக்கும் ஓசை வந்து, யாரோ அதட்ட, அடங்கியது. பிறகு அவள் கையை நீட்டினாள். ரப்பரால் யூஜினியாவின் பெயரை, ஒரு புள்ளிகூட மிஞ்சாதபடி, நிதானமாக அழித்தாள். அழித்த இடத்தை ஊதினாள். நுனிவிரலில் முந்தைய நாள் குத்திய இடத்தைச் சுற்றி ஊதாவாகக் கன்றியிருந்தது.

"இனிஷியலும் போடணுமா மேடம்?" என்று கேட்டாள்.

அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி விளங்கியது. உமையாளின் கை, முத்துவீரனை அழைக்கவேண்டிய தொலைபேசியை நோக்கிப் போய், எடுக்காமல் அதன்மேல் நின்றது.

"போடணும்மா" என்றார்.

சிவரஞ்சனி தகப்பன் பெயரின் முதலெழுத்தை எழுதி, அதன்பின் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியின்மேல் பென்சில் நெடுநேரம் நின்றது.